தமிழ்99-இல் தட்டுபவருக்குப் பிளவு விசைப்பலகை: ச-வும் ஞ-வும் எங்கே போகும்?

கேள்வி (வாசகர்) · 9 ஜனவரி 2024

மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுவதும் தட்டச்சு; பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்துகிறேன். மாலையானால் வலது கையில் சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி வலி ஏறுகிறது. இரண்டு துண்டாகப் பிரிந்த விசைப்பலகை வாங்கினால் இது தீரும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த ஆங்கிலக் காணொளிகளில் 42 விசைகள் உள்ள கார்னே என்ற பிளவுப் பலகை போதும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் வீண் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

9 ஜனவரி 2024, இரவு

இன்னும் வாங்க வேண்டாம். பிரிப்பதால் எது தீரும், எது தீராது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே துண்டாக உள்ள பலகையில் இரு கைகளும் நெஞ்சுக்கு நேராகக் குவிய வேண்டியிருப்பதால், மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்தபடி நிற்கின்றன. அதோடு உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு முன்கையை முழுவதும் திருப்பி வைத்திருக்கிறோம். பலகையைத் தோளகலத்துக்குப் பிரித்தால் முதல் கோணல் நேராகும். உட்பக்க விளிம்பை உயர்த்திக் கூரைபோல் சாய்த்தால் இரண்டாவது திருகல் குறையும். பிளவு விசைப்பலகையின் வேலை இவ்வளவுதான். விரல்கள் எவ்வளவு தூரம் எட்டுகின்றன, எந்த விரல் எத்தனை எழுத்தைச் சுமக்கிறது என்பதெல்லாம் பிரித்த பிறகும் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வலி சுண்டுவிரல் பக்கம் என்பதால் தமிழ்99-இல் வலது சுண்டுவிரலின் பங்கை எண்ணிப் பாருங்கள். மேல் வரிசையில் ண, ச, ஞ. நடு வரிசையில் ந, ய. கீழ் வரிசையில் ழ. ஆக ஆறு மெய்கள். ஆங்கிலம் தட்டுகிறவருக்கு அதே விரலில் இருக்கும் எழுத்து 'பி' (P) ஒன்றுதான், மற்றவை நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும். காணொளியில் பேசுகிறவர் சுண்டுவிரல் பக்கத்து நெடுவரிசைகளை வெட்டியெறிந்துவிட்டு நிம்மதி என்று சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. அவர் வெட்டியெறிந்த இடத்தில்தான் நம்முடைய ச இருக்கிறது.

10 ஜனவரி 2024

நேற்றையதன் தொடர்ச்சி. கார்னேயில் ஒரு கைக்கு ஆறு நெடுவரிசை, மூன்று வரிசை, கட்டைவிரலுக்கு மூன்று விசை. வலப்பாதியின் மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண ஐந்தும் அமர்ந்த பின் ஓரத்தில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும், அதிலும் வழக்கமான அமைப்பில் அழிப்பு விசை இருக்கும். ச-வும் ஞ-வும் வேறோர் அடுக்குக்குப் போய்விடும், அதாவது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி தட்ட வேண்டும். ஞ எப்போதாவது வருவது, பொறுத்துக்கொள்ளலாம். 'செய்தி', 'சொன்னார்', 'அரசு', 'பேச்சு' என்று வரிக்கு வரி வரும் ச-வுக்கு ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் உதவி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

58 விசைகள் உள்ள லில்லி58 பரவாயில்லையா என்று தனிமடலில் கேட்டவருக்கு: அதன் வழக்கமான அமைப்பில் திறக்கும் அடைப்புக்குறி (நமக்கு ச இருக்கும் விசை) இடப்பாதியின் உள்ளோரத்திலும் மூடும் அடைப்புக்குறி (ஞ இருக்கும் விசை) வலப்பாதியின் உள்ளோரத்திலும் இருக்கின்றன. எனவே ச இடது கைக்குக் குடிபோகிறது. உயிரெழுத்துகளின் வீட்டில் ஏற்கெனவே வ-வும் ங-வும் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. மூன்றாவதாக ச-வும் வந்து சேர்ந்தால் இடது சுட்டுவிரல்தான் வாடகை கட்ட வேண்டும். ஆனால் இந்தப் பலகைகளில் எந்த விசையையும் எந்த இடத்துக்கும் மாற்றலாம் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை, கவனிக்க வேண்டியதாகச் சொல்கிறேன்.

10 ஜனவரி 2024, சற்று நேரம் கழித்து

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போனால் அது பெரும்பாலும் மீடியன் நரம்பின் பக்கம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் அல்னார் நரம்பின் பக்கம். மரத்தல், பிடிமானம் குறைதல் இருந்தால் விசைப்பலகைக் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். வெறும் வலி என்றாலும் வாரக்கணக்கில் நீடித்தால் அப்படியே.

14 ஜனவரி 2024

தமிழ்99-ஐக் குறை சொல்கிறேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பு, பிளவு விசைப்பலகையை மனத்தில் வைத்துச் செய்ததோ என்று ஐயுறும் அளவுக்குச் சில இடங்களில் பொருந்துகிறது.

உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'கூடு', 'மீதி', 'பாலை' போன்ற சொற்களில் வலம், இடம், வலம், இடம் என்று கை மாறி மாறிப் போகும்; இரு பாதிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தாலும் தாளம் கெடாது. அதைவிட நுட்பமான ஒன்று, இன எழுத்துகளின் இருப்பிடம். ற-வுக்கு வலப்புறம் ன, ட-வுக்கு வலப்புறம் ண, ச-வுக்கு வலப்புறம் ஞ, ப-வுக்கு வலப்புறம் ம, த-வுக்கு வலப்புறம் ந. மெல்லினத்தைத் தட்டி உடனே அதன் வல்லினத்தைத் தட்டினால் புள்ளி தானாக விழும். ஆகவே ன்ற, ண்ட, ஞ்ச, ம்ப, ந்த எல்லாமே வலக்கை விரல்கள் வெளியிலிருந்து உள்ளே உருளும் ஒரே அசைவு. மேசையில் விரல்களால் தாளம் போடும்போது சுண்டுவிரலில் தொடங்கி உள்நோக்கி வருவதுதான் பலருக்கு இயல்பாக வருகிறது. 'வந்த', 'கொண்ட', 'என்ற' என்று எழுதும்போது கை அதைத்தான் செய்கிறது.

ங்க மட்டும் இந்த வரிசையில் சேராது. ங கீழ் வரிசையின் நடுவில், ஆங்கில 'பி' (B) விசையில் இருக்கிறது, க அதற்கு மேலே வலப்பக்கம். ஒரே துண்டாக உள்ள பலகையில் பலர் இரண்டையும் வலது சுட்டுவிரலாலேயே தட்டுகிறார்கள். பிரித்துவிட்டால் ங இடப்பாதியோடு போய்விடுவதால், முதல் சில நாட்கள் 'நாங்கள்' என்று எழுதப்போய் விரல் வெறும் மேசையைத் தட்டும்.

15 ஜனவரி 2024

கை மாறி மாறிப் போகும் என்றேன். ஆனால் பாரம் சமமாகப் பிரிகிறது என்று பொருளில்லை. அகர மெய்களுக்கு உயிர் விசை தேவையில்லாததாலும், இரட்டிக்கும் மெய்களுக்குப் புள்ளி தானே விழுவதாலும், இடக்கைக்கு ஓய்வு அதிகம். 'நகரம்' என்பதில் நான்கு தட்டு வலக்கைக்கு, இடக்கைக்குக் கடைசிப் புள்ளி மட்டும். 'கணக்கு' என்பதிலும் இடக்கைக்குக் கடைசி உ மட்டும். வலக்கைக்கு வேலை கூடுதல், அதற்குள் சுண்டுவிரலுக்கு அதன் வலுவுக்கு மீறிய வேலை. கேள்வி கேட்டவரின் வலியை இங்கிருந்துதான் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

21 ஜனவரி 2024

"ட, ண இரண்டையும் ஒருசேர அழுத்தினால் ச வரும்படி காம்போ வைத்துவிட்டால் 42 விசையே போதுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனைபோல் தெரியும், நானும் அதை வைத்துப் பார்த்தேன். 'வண்டி' என்று தட்டினேன், 'வசி' என்று விழுந்தது. 'கண்டேன்' 'கசேன்' ஆனது.

காரணம் முன் குறிப்பிலேயே இருக்கிறது. ண்ட என்பது ண, ட என்று உருளும் வேகமான அசைவு. இந்தப் பலகைகளுக்குள் ஓடும் கியூஎம்கே நிரல் வழக்கமாக 50 மில்லிவினாடிக்குள் விழும் இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். உருட்டித் தட்டும்போது இடைவெளி அதற்குள் வந்துவிடுகிறது. ஆங்கிலக்காரர் தம் மொழியில் அடுத்தடுத்து வராத ஜோடியாகப் பார்த்துக் காம்போ வைப்பார். நமக்கு வலப்பாதியில் பக்கத்துப் பக்கத்து ஜோடிகளில் ஏறக்குறைய பாதி, அடிக்கடி சேர்ந்து வரும் இன எழுத்துகள்.

22 ஜனவரி 2024

வரிசைப்படி அழுத்தினால் மட்டுமே காம்போ வேலை செய்யும்படி ஒரு தேர்வு கியூஎம்கேயில் இருப்பதை வேறொருவர் நினைவூட்டினார். உண்மை. ட முதலில், ண பிறகு என்று வைத்தால் ண்ட-வோடு மோதாது, 'கட்டணம்', 'கூட்டணி' போன்ற சொற்களில் வரும் டண-வில் மட்டும் கவனம் வேண்டும். இருந்தாலும் ச-வுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் விரல்களின் வரிசையை நினைத்துக்கொண்டிருப்பது களைப்பு. ஞ-வுக்கு வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

4 பிப்ரவரி 2024

நடு வரிசை விசைகளைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட் என்று அமைக்கும் முறை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கும். தமிழ்99-க்கு வலப்பாதியில் வேண்டாம். ப, ம, த, ந நான்கும் அந்த நான்கு விசைகளில்தான் உள்ளன, ந்த-வும் ம்ப-வும் அங்கேதான் உருள்கின்றன. ந விசையை விடும் முன்பே த விசை இறங்கிவிடும். அதை ந-வைப் பிடித்திருப்பதாக நிரல் எடுத்துக்கொண்டால் எழுத்துக்குப் பதில் ஏதோ ஒரு குறுக்குவிசைக் கட்டளை போகும். 'இந்தப் பந்தியை' என்று எழுதப்போய்ச் சன்னலை மூடிக்கொண்டவர்கள் உண்டு. காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் இது குறையும், ஆனால் எழுத்து திரையில் விழத் தாமதமாகும்.

இடப்பாதியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அ, இ, உ, புள்ளி. இரண்டு உயிர் அடுத்தடுத்து தமிழில் வராது என்பதால் அந்தக் கையில் உருளல் மிகவும் குறைவு. இலக்கணம் கொடுத்த வசதி.

11 பிப்ரவரி 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன். என் தலைமுறையில் பலர் தட்டச்சுப் பயிலகத்தில், ரெமிங்டன் எந்திரத்தில், 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று ஒரு மணி நேரம் அடித்துவிட்டு லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்கள். அங்கே மணிக்கட்டை மேசையில் வைத்தால் ஆசிரியர் அளவுகோலோடு வருவார். இப்போது எல்லோரும் மணிக்கட்டைத் தலையணைபோன்ற பட்டையில் ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் நீட்டுகிறார்கள். ச-வை எட்டச் சுண்டுவிரலைத் தனியாக நீட்டுவதற்கும், கையை மொத்தமாகச் சற்று நகர்த்தித் தட்டுவதற்கும் வலியில் பெரிய வேறுபாடு உண்டு. பட்டை ஓய்வெடுக்கும்போது ஊன்றுவதற்கு, தட்டும்போது அல்ல. பைசாச் செலவில்லாத திருத்தம் இது.

விசைகள் மேலிருந்து கீழாகக் கோணலாக விலகி நிற்பதும் அந்த எந்திரத்தின் எச்சம்தான். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் போக வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று இடிக்கக் கூடாது, அதற்காக வரிசைகளை விலக்கினார்கள். நெம்புகோல் போன பின்னும் கோணல் போகவில்லை. 1977-இல் இங்கிலாந்தில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் செய்த மால்ட்ரான் என்ற விசைப்பலகை, அந்தக் கோணலை விட்டு விரல் நீளத்துக்கேற்ற நெடுவரிசைகளை வைத்தது. எர்கோடாக்ஸ், கார்னே எல்லாம் அந்த வழியில் வந்தவை. நெடுவரிசை நேராக இருந்தால் ழ-வைத் தட்டச் சுண்டுவிரல் குறுக்கே ஓட வேண்டியதில்லை, நேராக மடங்கினால் போதும். கோணல் வரிசையிலேயே பல ஆண்டு பழகியவருக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

18 பிப்ரவரி 2024

மைக்ரோசாஃப்ட் பலகை கிடைக்குமா என்று கேட்டவருக்கு: 1994-இல் நேச்சுரல் கீபோர்டு, 2005-இல் எர்கானமிக் 4000, 2013-இல் ஸ்கல்ப்ட் என்று வந்தவை ஒரே துண்டிலேயே வளைத்துப் பிரித்தவை. 2023-இல் அந்த நிறுவனம் தன் பெயரில் விசைப்பலகை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது, பிறகு இன்கேஸ் என்ற நிறுவனம் அந்த வடிவமைப்புகளைத் தொடர முன்வந்தது. நமக்கு இவற்றில் உள்ள நன்மை, அடைப்புக்குறி விசைகள் வழக்கமான இடத்திலேயே இருப்பது. முழுதாக இரண்டாகப் பிரியும் கைனசிஸ் ஃப்ரீஸ்டைல்2-விலும் அப்படியே. கைனசிஸ் அட்வான்டேஜ் வகையில் அவை வலப்பாதியின் கீழ்க்கடைசி வரிசைக்கு இறங்கிவிடும், எனவே ச-வைத் தேடிக் கீழே போக வேண்டும்.

புதிதாக எதையும் கற்க விருப்பமில்லை, நாளையே வேலை ஓட வேண்டும் என்பவருக்கு ஃப்ரீஸ்டைல் போன்ற வழக்கமான வரிசை கொண்ட பிளவுப் பலகையே சரி. அழகில்லை, கோணல் வரிசை போகாது, சுண்டுவிரலுக்கும் விடுதலை இல்லை. மணிக்கட்டு நேராகும்.

25 பிப்ரவரி 2024

வாங்கும் முன் செய்து பார்க்க ஒரு மலிவான வழி: எண்பகுதி இல்லாத சாதாரண யூஎஸ்பி விசைப்பலகைகள் இரண்டை ஒரே கணினியில் செருகுங்கள். இடக்கையை இடப்பலகையின் இடப்பாதியிலும், வலக்கையை வலப்பலகையின் வலப்பாதியிலும் வையுங்கள். விண்டோஸில் ஒன்றில் ஷிஃப்டைப் பிடித்து மற்றதில் எழுத்தைத் தட்டினாலும் வேலை செய்யும். மேக்கில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். கைகள் ஏறக்குறைய தோளகலத்துக்கு விலகும். சில நாள் இப்படி வேலை செய்து மணிக்கட்டு வலி குறைந்தால் பிரிப்பதால் பயன் உண்டு என்று தெரியும். சுண்டுவிரல் வலி மட்டும் அப்படியே இருந்தால், பிரித்தாலும் விசைகளை இடம் மாற்றக்கூடிய பலகைதான் வேண்டும் என்று தெரியும். பணம் போடும் முன் தெரிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேர்ந்து கை கடிக்கும்.

மேசையையும் பாருங்கள். நம் மேசைகள் பெரும்பாலும் எழுதுவதற்காகச் செய்த உயரம். முழங்கை தொங்கும் உயரத்துக்கு நாற்காலியை ஏற்றிக் காலுக்கு ஒரு பலகை போடாமல், எந்த விசைப்பலகை வாங்கினாலும் தோள் தூக்கியபடியேதான் இருக்கும்.

10 மார்ச் 2024

ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள ஸ்விட்ச் பற்றி. செர்ரி ரெட் 45 கிராம் அழுத்தத்தில் இறங்கும், 2 மில்லிமீட்டரில் எழுத்து விழும், அடி வரை 4 மில்லிமீட்டர். கெய்ல் சாக் முதல் வகை உயரம் குறைந்தது, 1.5-இல் எழுத்து, 3-இல் அடி. தமிழில் க்க, த்த, ப்ப, ட்ட என்று ஒரே விசையை இரண்டு முறை உடனுக்குடன் தட்டுவது ஓயாமல் வருவதால், மேலே விரைந்து திரும்பாத ஸ்விட்சும், எழுப்பும் ஓசைக்காகவே விற்கப்படும் நீல வகையும் எனக்கு ஒத்துவரவில்லை. விசையை முழுதாக எழவிடாமல் பாதியிலேயே மறுபடி அழுத்தினால் 'பக்கம்' 'பகம்' ஆகிவிடுகிறது. ஸ்விட்சைக் கழற்றி மாற்றக்கூடிய பலகையாக இருந்தால், சுண்டுவிரல் நெடுவரிசைகளில் மட்டும் இன்னும் இலகுவானதைப் போட்டுக்கொள்ளுங்கள். மிக இலகுவாகப் போனால் ந-வின் மேல் சும்மா விரலை வைத்திருந்தாலே எழுத்து விழும்.

24 மார்ச் 2024

என் அமைப்பைக் கேட்டிருந்தார்கள். லில்லி58. வலப்பாதியின் ஓர நெடுவரிசையில், வழக்கமாக ஹைஃபன் இருக்கும் இடத்தில் ச. அதற்குக் கீழே ய, அது முன்பே அங்கேதான். ஹைஃபனை உள்ளோரத்துக்குத் தள்ளினேன். ஞ, முன்பு சொன்ன காம்போவில். ஞ்ச-வுக்கு மட்டும் தனியாக ஒரு காம்போ: ச-வையும் ய-வையும் ஒருசேர அழுத்தினால் நிரல் ஞ, ச இரண்டையும் வரிசையாக அனுப்பிவிடும், 'மஞ்சள்', 'நெஞ்சு', 'கொஞ்சம்' எல்லாம் இப்போது எளிது. வலப்பாதியின் உள்ளோர விசையில் இன்னொரு ங வைத்திருக்கிறேன், வெறும் மேசையைத் தட்டும் பழக்கம் போகாதவர்களுக்கு. அழிப்பு, என்டர், ஷிஃப்ட் மூன்றும் கட்டைவிரலுக்குப் போய்விட்டன.

இந்தக் கடைசி வரியை ஜனவரியிலேயே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். எழுத்துகளை மட்டும் எண்ணினேன், ஆனால் வழக்கமான பலகையில் அழிப்பும் என்டரும் வலது ஷிஃப்டும் அதே சுண்டுவிரலின் கணக்குதான். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடக்கை மேல் வரிசையில் ஷிஃப்டோடு வருவதால், முறைப்படி தட்டுகிறவர் வலது ஷிஃப்டைத்தான் அழுத்துவார். செய்தி மொழிபெயர்ப்பில் வடமொழிப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் எவ்வளவு வரும் என்பது கேள்வி கேட்டவருக்கே தெரியும். ஆறு மெய்களில் ஒன்றைக்கூட நகர்த்தாமல் இந்த மூன்றை மட்டும் கட்டைவிரலுக்கு மாற்றினாலே பெரும் பாரம் இறங்கும்.

25 மார்ச் 2024

சிறு குறிப்புகள். பலகை அனுப்புவது விசை எண்ணை மட்டுமே, அதைத் தமிழாக்குவது கணினியில் உள்ள இ-கலப்பை, ஐபஸ் போன்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள்தான். எனவே பலகையில் தனியாகத் தமிழ் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை, ச-வை நகர்த்தினால் ஆங்கிலத்தில் அடைப்புக்குறியும் கூடவே நகரும். இரு பாதிகளையும் இணைக்கும் கம்பியை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால், முனையில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டு வளையம் உள்ளது சாதாரண ஆடியோ கம்பி. கணினியோடு இணைந்திருக்கும்போது அந்தக் கம்பியைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம், மின்சுற்று குறுக்கே இணைந்து சில்லு கெட்டுப்போகலாம்.

7 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் இரண்டு சாதாரணப் பலகைகளை வைத்துப் பார்த்ததாகவும், மணிக்கட்டு இலகுவானதாகவும், சுண்டுவிரல் மட்டும் மாலையில் இன்னும் முணுமுணுப்பதாகவும் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஃப்ரீஸ்டைல் வகை வேண்டாம். கட்டைவிரலுக்கு ஒரு பக்கம் குறைந்தது மூன்று விசை, வலது ஓரத்தில் முழு நெடுவரிசை, நிரலை மாற்றும் வசதி இந்த மூன்றும் உள்ள 58 விசைப் பலகை ஒன்றைப் பாருங்கள். அது வரும்வரை இப்போதுள்ள பலகைகளிலேயே கேப்ஸ் லாக்கை அழிப்பு விசையாக மென்பொருளால் மாற்றி இடக்கைக்குக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள் இதைச் செய்யும். இரண்டு பலகையிலும் கேப்ஸ் லாக் மாறும், அதனால் இடப்பலகையில் உள்ளதைத் தட்டினால் போதும்.